பத்தொன்பது பேர், சாதாரணம்

அந்த ஆபீஸில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் கதவு, பீரோ, சர்வர் அறை, எம்.டி.யின் அறை என்று எல்லாச் சாவியும் அவளிடம் இருந்ததால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே 'சாவி' ஆகிவிட்டாள். சின்னவர்களுக்கு 'சாவி அக்கா'. எம்.டி.கூட ஒருமுறை வெளியாட்கள் முன்னால் வாய் தவறி, "சாவியை உள்ள வரச்சொல்லு" என்று சொல்லிவிட, தங்களை உள்ளே வைத்துப் பூட்டப்போகிறார்களோ என்று வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி அது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எப்போது வந்தது, எப்போது வெளியே போனது என்று பார்த்துச் சொல்லும் மென்பொருள். நான்காவது மாடியில் ஒரே நீளக் கூடம், முப்பத்தொரு பேர். சாமான் வாங்குவது, ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவது, லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவருக்குக் கதவுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வது எல்லாம் சாவியின் வேலை.

லேப்டாப்கள் எல்லாம் ஆறு வருடப் பழசு. ஒன்றின் மூடி கழன்று ரப்பர் பேண்டில் நின்றது. இன்னொன்று சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். ஒருநாள் எம்.டி. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மெஷினின் விசிறி விமானம் கிளம்புவதுபோல் இரைந்து அடங்கியது. திரை கறுத்துப்போனது. அன்று சாயங்காலமே சாவியைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் மாத்திடலாம். ஒரே பிராண்டா இருக்கட்டும். சர்வீஸுக்கு நாலு கம்பெனி பின்னாடி ஓட முடியாது. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க. யாருக்கு என்ன தேவைன்னு ஒரு லிஸ்டும் போட்டுடுங்க."

சாவிக்கு லேப்டாப் என்றால் மூடியைத் திறந்தால் வெளிச்சம் வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஒரு நிபுணி இருந்தாள். கணவனின் தங்கை. வேறொரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள், இவர்களோடுதான் தங்கியிருந்தாள்.

"அண்ணி, கடைக்காரன் சொல்றதையெல்லாம் கேட்டீங்கன்னா தலை சுத்தும்," என்றாள் நாத்தனார். "பிராண்டை அப்புறம் பாக்கலாம். மொதல்ல உங்க ஆளுங்களை ரெண்டாப் பிரிங்க. சாதாரண ஆபீஸ் வேலை பண்றவங்க, புரோகிராம் எழுதறவங்க. மெயில், ஷீட், வீடியோ கால் இதுக்கெல்லாம் சாதாரண மெஷின் தாராளமாப் போதும். எழுதறவங்களுக்குத்தான் மெமரி நிறைய வேணும்."

"ரெண்டுக்கும் நடுவுல யாராவது இருந்தா?"

"நடுவுல யாரும் இல்ல அண்ணி. போட்டுக் குழப்பிக்காதீங்க."

சாவியின் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். "எங்க கடைக்கும் ரெண்டு வகைதான் வருவாங்க. கிட்டப்பார்வை, தூரப்பார்வை. பாதிப் பேருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும்."

"நீ பட்டனைத் தை," என்றாள் தங்கை.

மூன்று கம்பெனிகளிலிருந்து ஒரு வாரத்துக்குச் சாம்பிள் மெஷின்கள் வந்தன. காபி மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் சாவி அவற்றை வரிசையாக வைத்தாள். நிறத்தை வைத்தே பெயரும் வந்துவிட்டது. கறுப்பு, வெள்ளி, சாம்பல். வெள்ளி பார்க்க லட்சணம். காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம்வரை தாங்கியது. ஆனால் ஆபீஸின் பழைய மென்பொருளில் பாதி அதற்குள் போகவே மாட்டேன் என்றது. சாம்பல் மலிவு. சர்வீஸ் ஆள் எப்போது வருவார் என்று கேட்டதற்குக் கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். கறுப்புக்கு அழகு கிடையாது. செங்கல்லுக்கு மூடி போட்டதுபோல் இருந்தது. ஆனால் விசைகள் விரலுக்கு இதமாக இருந்தன. ஒருநாள் மேஜையிலிருந்து கீழே விழுந்து, விழுந்த சுவடே இல்லாமல் எழுந்து வேலை செய்தது. மறுநாளே சர்வீஸ் ஆள் வருவார் என்று எழுத்திலும் கொடுத்தார்கள். சாவி கறுப்பு என்று முடிவு செய்தாள். அதில் இரண்டு மாடல். பெரியது, கனமானது, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. சின்னது, லேசானது, மற்றவர்களுக்கு.

பிறகு நோட்பேடையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சீட் சீட்டாகப் போனாள்.

முதலில் பீரங்கி, புரோகிராம் எழுதுகிறவன். பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். "அக்கா, இருக்கறதுலயே பெருசு எனக்கு. அதுக்குக் கொறஞ்சா ஒரு வேலையும் ஓடாது, சொல்லிட்டேன்." 'டெவலப்மென்ட்' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்து நொட்டை. மற்றவர்கள் எழுதி முடித்த மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் வேலை. நாள் முழுக்க நொட்டை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

"எனக்கு லேசா இருக்கற மாடல் போதும்க்கா. பஸ்ல ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டு வரேன். கனமா குடுத்தீங்கன்னா தோள்பட்டை கழண்டு கீழ விழுந்துடும்."

"உன் வேலையை அது தாங்குமா?"

"கொஞ்சம் மெதுவா ஓடும். நான் சமாளிச்சுக்கறேன்."

'சாதாரணம். லேசான மாடல் போதும் என்கிறார்.'

கூடத்தின் மூலையில் டெலிபோன். ஐம்பதைத் தாண்டியவர். வாடிக்கையாளர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் கோபத்தோடு கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுகிறவர். காதில் மாட்டிய கருவியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "எனக்கு எதுக்கும்மா புதுசு?" என்றார். "போன் எடுக்கறேன், மெயில் பாக்கறேன். எதைக் குடுத்தாலும் ஓடும்."

'சாதாரணம்.'

இப்படியே முப்பத்தொரு வரி. டெவலப்மென்ட் பன்னிரண்டு, சாதாரணம் பத்தொன்பது. சாதாரணத்தில் முதல் வரியில் இருந்தது சாவிதான். ஷீட்டை எம்.டி.க்கு அனுப்பிய அன்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இவ்வளவு சுத்தமான லிஸ்ட் அந்த ஆபீஸில் யாரும் போட்டதில்லை.

பத்து நாள் பதில் இல்லை. எம்.டி.யின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. கோட் போட்ட ஆலோசகர் ஒருவர் மூன்று தடவை வந்துபோனார். விலையைக் குறைக்கப் பேசுகிறார்கள்போல என்று சாவி நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்ட ஆர்டர் தாள் மேஜைமேல் இருந்தது. நின்றபடியே படித்தாள். கறுப்பு, பெரிய மாடல், 12. கறுப்பு, சின்ன மாடல், 1.

சாவிக்குச் சிரிப்பு வந்தது. "சார், ஒன்பது விழுந்துடுச்சு. பத்தொன்பதுன்னு இருக்கணும்."

"விழல," என்றார் எம்.டி. "ஒண்ணுதான்."

அவளுக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்கு வேறு பிராண்டா, பழசையே ரிப்பேர் செய்யப்போகிறார்களா என்று மனம் எங்கெங்கோ போனது. எம்.டி. கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். நான்கு நாள் தூங்காத முகம்.

"நம்ம பெரிய வாடிக்கையாளர் போயிட்டாங்க. இருபத்தாறு கிடங்கு. ரெண்டு வாரம் ஆச்சு, நான் யார்கிட்டயும் சொல்லல. இத்தனை பேரை வச்சு ஓட்ட முடியாது. ஆலோசகர் வந்து, யார் அவசியம், யார் இல்லாம சமாளிக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணவே மூணு மாசம் ஆகும்னார். நான் உங்க ஷீட்டைக் காட்டினேன். இதுக்கு மேல என்ன வேணும், எல்லாம் பிரிச்சே இருக்குதேன்னுட்டார்." கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே பாராட்டும் குரலில் சொன்னார். "ரொம்பத் தெளிவா போட்டிருந்தீங்க. எங்களுக்கு மூணு மாச வேலை மிச்சம்."

சாவியின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அவர் வாய் அசைவது தெரிந்தது. திங்கட்கிழமை கடிதம், வெளிக் கம்பெனிக்கு வேலையை மாற்றுவது, அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றெல்லாம் துண்டு துண்டாக வந்து விழுந்தன.

"சார்... அந்த ஒண்ணு யாரு?"

"நீங்கதான். நீங்க இல்லாம இந்தக் கதவை யாரு திறப்பாங்க?"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளும் பழக்கத்தில் புன்னகை செய்துவிட்டாள். வெளியே வந்த பிறகு அந்தப் புன்னகை முகத்தைவிட்டு இறங்க மறுத்தது. கையால் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது.

கூடத்தில் எல்லாம் எப்போதும்போல் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ரப்பர் பேண்ட் போட்ட லேப்டாப்பின் சொந்தக்காரி தட்டிக்கொண்டிருந்தாள். டெலிபோன் யாரிடமோ, "பதறாதீங்க, பெட்டி எங்கயும் போகல, லிஸ்ட்ல மட்டும்தான் காணும்," என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கருவியை விலக்கி, "ஆர்டர் போட்டாச்சாம்மா? எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

"வரும்," என்றாள் சாவி. நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் கையாலேயே பதினெட்டுப் பேரைத் தள்ளியாயிற்று. அவர்களும் ஆளுக்கொரு வரி சொல்லி, எழுதிக்கொள் என்று கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது கணவன் முதலில் கேட்டது, "உன் வேலை இருக்கா?" என்றுதான்.

"இருக்கு."

அவன் மூச்சு விட்டான். விட்ட பிறகு அதற்கு வெட்கப்பட்டவன்போல் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். மழை எதுவும் பெய்யவில்லை.

நாத்தனார் பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நான் மெஷினுக்குத்தானே சொன்னேன். மனுஷங்களுக்கா சொன்னேன்?"

"எனக்கும் அதுதான் புரியல. நான் எந்த மெஷின் வேணும்னுதான் கேட்டேன். அவரு அதையே எந்த ஆளு வேணும்னு படிச்சிருக்காரு."

"போய்ச் சொல்லுங்க. அந்த ஷீட் அதுக்கு இல்லைன்னு சொல்லுங்க."

"சொன்னா, 'அப்ப சரியான லிஸ்டைக் கொண்டாங்க'ம்பாரு. என்கிட்ட அது இல்ல."

சனிக்கிழமை காலை அவள் நொட்டையின் வீட்டுக்குப் போனாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்ற வார்த்தை படியேறும்போதெல்லாம் காலைப் பிடித்து இழுத்தது. நொட்டை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "என்னக்கா, லீவு நாள்ல? ஆபீஸ்ல சாவி தொலைஞ்சுபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

சாவி சுற்றி வளைக்கவில்லை. சொல்லிவிட்டு ஷீட்டை மேஜைமேல் வைத்தாள்.

நொட்டை ஈரக்கையைத் துடைக்காமலே தாளை எடுத்தாள். "என் பேரு எங்க?"

"பதினொண்ணாவது வரி."

அவள் வாய்விட்டுப் படித்தாள். "'லேசான மாடல் போதும் என்கிறார்.'" இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து, ஏதோ சின்னச் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

"என் தோள்வலிக்காக்கா எனக்கு வேலை போகுது?"

சாவி தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"வெளிய போங்க," என்றாள் நொட்டை. சத்தம் போடாமல்தான் சொன்னாள். "உங்க முகத்தைப் பாத்தா எனக்கு என்ன வாயில வரும்னு எனக்கே தெரியல. போங்க."

கதவு சாத்தப்பட்டது. ஷீட் உள்ளேயே இருந்துவிட்டது. சாவி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையோடு வந்து, அவளைத் தாண்டிக் கீழே போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனார். கால் மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது. நொட்டையின் கண்கள் சிவந்திருந்தன, கையில் பேனா இருந்தது.

"உள்ள வாங்க. இந்த ஷீட் முழுக்கத் தப்பு."

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். தப்பு கண்டுபிடிக்கறதுதானே என் பொழப்பு." அவள் மேஜையில் தாளை விரித்தாள். "மூணாவது வரி, சாதாரணம்னு போட்டிருக்கு. அவ ஒரு வாரம் வரலைன்னா புது வாடிக்கையாளரோட பழைய ரெக்கார்டை யாரு உள்ள ஏத்துவாங்க? பீரங்கியா? ஏழாவது வரி, சரி, அந்த வேலையை வெளியில குடுக்கலாம், பொய் சொல்லக்கூடாது. பதினாலு, தப்பு. பதினாறு, அவரு ரெண்டு பேரோட வேலையைப் பண்றாரு, யாருக்கும் தெரியாது."

வரி வரியாகப் போனார்கள். எந்த மெஷின் என்பதை விட்டுவிட்டார்கள். இந்த ஆள் செவ்வாய்க்கிழமை வரவில்லை என்றால் எது நின்றுபோகும் என்று எழுதினார்கள். சிலருக்கு நாலு வரி எழுத வேண்டியிருந்தது. சிலருக்கு ஒன்றும் எழுத வரவில்லை. அந்த இடங்களில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனார்கள். டெலிபோனின் வரி வந்தபோது நொட்டையும் திணறினாள். "போன் எடுக்கறாரு. வேற என்ன பண்றாருன்னு எனக்கே தெரியலக்கா."

மத்தியானம் இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டபோது கையில் ஸ்பேனர் இருந்தது. கேட்டு முடித்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. ஒரு கால் முக்காலிமேல் இருந்தது, அதையும் எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

"ஒரே ஒரு வரிதானேம்மா சொன்னேன்," என்றார் கடைசியில். "பந்தா பண்ண வேணாமேன்னு சொன்னேன்."

அவர் மனைவிதான் பொரிந்து தள்ளினாள். "எது சாதாரணம்? இவரு வீட்டுக்கு வந்தும் அந்த ஜனங்களோடதான் குடும்பம் நடத்தறாரு. சோத்துத் தட்டுல கை இருக்கும், காதுல போன் இருக்கும். அந்த நோட்டைக் காட்டுங்க. காட்டுங்கன்னா!"

அவர் தயங்கித் தயங்கி ஒரு தடித்த நோட்டை எடுத்து வந்தார். பதினொரு வருடமாக எழுதியது. ஒவ்வொரு கிடங்குக்கும் இரண்டு மூன்று பக்கம். யாருக்குச் சின்ன எழுத்து தெரியாது, எங்கே கரண்ட் அடிக்கடி போகும், யாருக்கு எம்.டி. என்ன வாக்குக் கொடுத்து மறந்துபோனார், யார் விலகப்போகிறேன் என்று சொல்லிப் பிறகு மனம் மாறினார்கள் என்று தேதியோடு இருந்தது. நொட்டை பக்கங்களைப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன? இது கமாண்ட் ஆச்சே. இதையெல்லாம் யாரு போட்டாங்க?"

"நான்தான். ரெக்கார்டு மாட்டிக்கிட்டா அவங்க மெஷினுக்குள்ள போயி எடுத்துவிடுவேன். சும்மா ரெண்டு வரிம்மா. பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

நொட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் தப்புன்னு எழுதிக் குடுத்து, யாரும் சரி பண்ணாம விட்டது பாதிக்கு மேல இங்க இருக்கு. வாடிக்கையாளர்கிட்ட இருந்து ஏன் புகாரே வரலைன்னு நான் தலையைப் பிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களே சரி பண்ணிட்டு இருந்தீங்களா? இத்தனை வருஷமா?"

"புகார் வந்தா பசங்க பதறுவாங்களேன்னுதான்," என்றார் அவர், திருட்டில் மாட்டிக்கொண்டவர்போல.

திங்கட்கிழமை எட்டரைக்கு மூன்று பேரும் எம்.டி.யின் அறையில் நின்றார்கள். இவர்களை ஒன்றாகப் பார்த்ததுமே அவர் முகம் இறுகியது. "நான் உங்களை நம்பிச் சொன்னேன்," என்றார் சாவியிடம்.

"சொன்னீங்க சார். ஆனா அந்த ஷீட் லேப்டாப்புக்குப் போட்டது. ஆளுக்குப் போடணும்னு சொல்லியிருந்தா நான் வேற கேள்வி கேட்டிருப்பேன்." நிறுத்தினால் பேச்சு மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "இவங்க தோள் வலிக்குதுன்னு லேசான மாடல் கேட்டாங்க. இவரு தன்னடக்கத்துல எது குடுத்தாலும் போதும்னாரு. ஒருத்தருக்குச் சின்ன பை இருந்துது, அதுல அடங்கணும்னாரு. அதைத்தான் நான் சாதாரணம்னு எழுதினேன். வேற எதையும் எழுதல."

புதிய தாள்களையும் நோட்டையும் மேஜைமேல் வைத்தாள். எம்.டி. வேண்டா வெறுப்பாக நோட்டைப் புரட்டினார். புரட்டுவது மெதுவானது. ஒரு பக்கத்தில் நின்றேவிட்டது. மீதி இருப்பவர்களில் பெரிய வாடிக்கையாளரின் பக்கம் அது. போன வருடம் இரண்டு தடவை விலகப்போனார்கள் என்று எழுதியிருந்தது. எம்.டி. அந்த வரிமேல் விரலை வைத்தார்.

"இவங்க போறதா இருந்தாங்களா?" என்றார். "இது ஏன் எனக்குத் தெரியாது?"

"நீங்க கேக்கலியே சார்," என்றார் டெலிபோன். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை.

"அந்த இருபத்தாறு கிடங்குக்காரங்க? அவங்க பக்கம் எங்க?"

"அவங்களை ஆறு மாசத்துக்கு முன்னாடி என்கிட்டேர்ந்து எடுத்து வெளிக் கம்பெனிக்குக் குடுத்துட்டீங்களே சார்."

எம்.டி. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கன்னத்தில் அறை வாங்கியவரின் முகம். வெள்ளிக்கிழமை தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சாவி நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆலோசகரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பன்னிரண்டரைக்குச் சாவியைக் கூப்பிட்டார். ஐந்து பேர் மீண்டார்கள். டெலிபோன், ரெக்கார்டு ஏற்றுகிற பெண், இன்னும் இருவர், தப்புத் தேடுகிற மூன்று பேரில் ஒருத்தி. அந்த ஒருத்தி நொட்டை. அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படவில்லை. "மத்த ரெண்டு பேரு என் பக்கத்து சீட்டுக்கா," என்றாள். "நான் எப்படி அங்க போய் உக்காருவேன்?"

பதின்மூன்று பேருக்குக் கடிதம். எம்.டி. தானே கொடுப்பதாகத்தான் சொன்னார். நான்காவது ஆளிடம் அவருக்குக் குரல் உடைந்துபோனது. மீதியைச் சாவி கொடுத்தாள். ஒவ்வொருவரிடமும், "லிஸ்ட் நான் போட்டது. நான் கேட்ட கேள்வி தப்பு," என்று சொன்னாள். ஒருத்தி கட்டிக்கொண்டாள். ஒருத்தி கடிதத்தை வாங்கி, பிரிக்காமல், சாவியின் முகத்தையே பார்த்துவிட்டு நடந்தாள். மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிற ஒருவர், ஒல்லியான மனிதர், யாரோடும் அதிகம் பேசாதவர், மேஜையைத் துடைத்து, கப்பைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அன்னிக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?"

சண்டைக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். அவரைப் பற்றி அவளும் நொட்டையும் சனிக்கிழமை எழுதியது ஒன்றரை வரி. அதற்குமேல் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சாவி ராஜினாமாக் கடிதம் எழுதினாள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தாள். கணவனின் கடையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், வீட்டில் படிக்கிற மகள் இருக்கிறாள். காரணங்கள் உண்மையானவை. ஆனாலும் அவற்றை யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, திருத்திய ஆர்டரின்படி கறுப்பு லேப்டாப்கள் பதினெட்டும் வந்து இறங்கின. பெட்டிகளை அவள்தான் பிரித்தாள். விசைகள் விரலுக்கு இதமாகத்தான் இருந்தன. நல்ல மெஷின்கள், இன்றுவரை ஒன்றுகூட ரிப்பேருக்குப் போகவில்லை. பீரங்கி மட்டும் தன்னுடையது மெதுவாக ஓடுகிறது என்று புகார் சொன்னான். நொட்டை நான்கு மாதம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனாள். டெலிபோனுக்கு ஓர் உதவியாளரைப் போட்டார்கள். அவருடைய நோட்டைப் பார்த்துப் படியெடுக்கவே அந்தப் பெண்ணுக்குப் பாதி நாள் போகிறது.

ஆறாவது மாதம் கையேடு எழுதுகிறவர் போன் செய்தார். ஓர் இடத்தில் வேலை கேட்டிருக்கிறாராம். இங்கே வேலை பார்த்ததற்கு ஒரு சான்றுக் கடிதம் வேண்டும், நாலு வரி போதும் என்றார்.

"நாலு வரி வேணாம்," என்றாள் சாவி. "காலையில வந்து உக்காந்ததுலேர்ந்து என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

"அதுல என்னங்க இருக்கு, சும்மா..."

"அந்தச் 'சும்மா'வை விட்டுட்டுச் சொல்லுங்க."

முக்கால் மணி நேரம் பேசினார். இரண்டு பக்கம் வந்தது. எம்.டி. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் கையேடு எழுதுகிறவரிடமிருந்து செய்தி வந்தது. "படிச்சேன். வீட்டுலயும் படிச்சாங்க. இது யாரைப் பத்தின்னு கேட்டாங்க."

மறுநாள் காலை சாவி பழைய லிஸ்டில் அடுத்த வரியைப் பார்த்து, யாரும் கேட்காமலே போன் செய்தாள். கடிதத்தைப் பிரிக்காமல் நடந்துபோன அந்தப் பெண். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள்.

சான்றுக் கடிதம் எழுதித் தருவதைப் பற்றிச் சாவி சொன்னாள். எதிர்முனையில் ஏதோ மிக்ஸி ஓடி நின்றது.

"எழுதிக்கங்க," என்றாள் அந்தப் பெண். கோபம் அப்படியே இருந்தது. "ஏழு அம்பதுக்கு வருவேன்..."